இளநிலை மாணவருக்குக் கோடை ஆராய்ச்சி வாய்ப்பு எங்கே, எப்படிக் கிடைக்கும்?

கேள்வி இது: "இளநிலை இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கோடை விடுமுறையில் எங்காவது ஆராய்ச்சி செய்ய ஆசை. எங்கள் கல்லூரியில் ஆராய்ச்சி என்று எதுவும் நடப்பதில்லை. மதிப்பெண் நடுத்தரம். அறுபது பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். ஒருவர்கூடப் பதில் போடவில்லை. என்னைப் போன்றவர்களுக்கு இடம் கிடைக்குமா?"

கிடைக்கும். மதிப்பெண் நடுத்தரம் என்பதற்காக எல்லாக் கதவும் மூடிக்கொள்வதில்லை. அறுபது கடிதம் போட்டும் ஒரு பதில்கூட வரவில்லை என்றால் அநேகமாகக் கோளாறு கடிதத்தில் இருக்கிறது. அதனால் எந்த எந்தத் திட்டங்கள் இருக்கின்றன என்று சொல்வதற்கு முன்னால் கடிதத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன்.

பதினைந்து வருடமாகக் கோடை மாணவர்களை ஆய்வகத்தில் சேர்த்துக்கொண்டு வருகிறேன். விண்ணப்பக் காலத்தில் ஒரு நாளைக்கு ஐந்தாறு கடிதமாவது வரும். பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் ஆராய்ச்சி என்னை மிகவும் கவர்ந்தது. தங்கள் மேலான வழிகாட்டுதலில் பணிபுரிய விரும்புகிறேன்." எந்த ஆராய்ச்சி, அதில் எது கவர்ந்தது என்று ஒரு வார்த்தை இருக்காது. சில கடிதங்களில், எனக்கு முன்னால் வேறு எந்தப் பேராசிரியருக்கு அனுப்பினார்களோ அவருடைய பெயர்கூட மாறாமல் அப்படியே இருக்கும். இவற்றை எழுதுகிறவர்கள் திறமை இல்லாதவர்கள் என்று நான் நினைப்பதில்லை. ஆனால் இருபது கடிதம் ஒரே மாதிரி இருந்தால், யாருக்குப் பதில் எழுதுவது என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஒரு வருடம் எட்டே வரியில் ஒரு கடிதம் வந்தது. எங்கள் கட்டுரை ஒன்றின் மூன்றாவது படத்தைக் குறிப்பிட்டு, "குறைந்த வெப்பநிலையில் இந்தக் கோடு வளைகிறது. ஏன் என்று கட்டுரையில் சொல்லவில்லை. மாதிரியின் தடிமன் காரணமாக இருக்குமா?" என்று கேட்டிருந்தார் அந்த மாணவர். அவர் ஊகம் தவறு. ஆனாலும் அந்தப் படத்தின் முன்னால் அவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்பது தெரிந்தது. அன்று மாலையே பதில் எழுதினேன். அவருடைய மதிப்பெண் பட்டியலைப் பார்த்தது அதற்கு அப்புறம்தான். அதுவும் நடுத்தரம்தான்.

ஆகவே அறுபது வேண்டாம், பத்துக் கடிதம் போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாலையைக் கொடுங்கள். அந்தக் குழுவின் சமீபத்திய கட்டுரை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இயற்பியல், கணிதம் என்றால் ஆர்க்கைவ் (arXiv) என்ற இணையதளத்தில் பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கும். முழுதும் புரியாது, புரிய வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. சுருக்கத்தையும், முன்னுரையையும், படங்களையும், கடைசிப் பத்தியையும் படியுங்கள். உங்களுக்கு உண்மையாகவே எழுகிற ஒரு கேள்வியைக் குறித்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் முதல் இரண்டு வரி நீங்கள் யார், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வர முடியும் என்பது. அடுத்த மூன்று வரி அந்தக் கேள்வி. பிறகு உங்களால் என்ன செய்ய முடியும் என்பதைக் கையால் தொட்டுப் பார்க்கிற மாதிரி சொல்லுங்கள். "கணினியில் ஆர்வம் உண்டு" என்பதைவிட "பைத்தானில் தரவுக் கோப்பைப் படித்து, பிழைக்கோடுகளோடு வரைபடம் போடத் தெரியும்" என்பது எனக்குப் பயன்படும். உதவித்தொகை இல்லாமல் வர முடியுமா, முடியாதா என்பதையும் கூச்சமில்லாமல் சொல்லிவிடுங்கள். பணம் இல்லாமல் ஒரு மாணவரை இரண்டு மாதம் உட்காரவைப்பது சரியில்லை என்று நினைக்கிற பேராசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு பக்கத்தில் சுயவிவரம், மதிப்பெண் பட்டியல், அவ்வளவுதான் இணைப்பு. பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள், மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். எத்தனையோ நல்ல கடிதங்கள் பயணத்திலும் தேர்வுத்தாள் திருத்துவதிலும் அடிபட்டுப் போகின்றன.

இன்னொன்று. பெரிய விருது வாங்கியவர்களுக்கே எல்லோரும் எழுதுகிறார்கள். புதிதாக வேலையில் சேர்ந்து இரண்டு மூன்று வருடமே ஆன உதவிப் பேராசிரியர்களுக்கு எழுதிப் பாருங்கள். அவர்களுக்குக் கை வேண்டும், வேலை செய்ய ஆள் வேண்டும். உங்களோடு பக்கத்தில் உட்காரவும் அவர்களுக்கு நேரம் இருக்கும்.

சரி, இப்போது முறையான திட்டங்கள்.

இளநிலை மாணவரை ஆய்வகத்துக்குள் விடுவது என்பது ஒரு காலத்தில் பேராசிரியரின் தனிப்பட்ட விருப்பமாக மட்டுமே இருந்தது. 1969-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மார்கரெட் மெக்விகார் தன் பல்கலைக்கழக மாணவர்களுக்காக ஒரு திட்டத்தைத் தொடங்கினார். 1979-இல் கால்டெக் என்னும் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் 'சர்ஃப்' என்ற கோடை ஆராய்ச்சித் திட்டம் வந்தது. அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ஆர்.இ.யு. (இளநிலை மாணவருக்கான ஆராய்ச்சி அனுபவம்) திட்டம் 1987-இல் தொடங்கியது. இன்று அந்த நாட்டில் கோடை ஆராய்ச்சி என்றாலே பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். ஒவ்வொரு இடத்திலும் பத்துப் பேர் போல எடுப்பார்கள், எட்டிலிருந்து பத்து வாரம், உதவித்தொகை உண்டு. ஆனால் ஒரு விதி இருக்கிறது: அறக்கட்டளைப் பணத்தில் அமெரிக்கக் குடிமக்களையும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களையும் மட்டுமே சேர்க்க முடியும். இதைப் படிக்காமல் வெளிநாட்டு மாணவர்கள் வருடா வருடம் மணிக்கணக்காகப் படிவம் நிரப்பி வீணாக்குகிறார்கள். எந்தத் திட்டமானாலும் முதலில் தகுதிப் பக்கத்தைப் படியுங்கள். குடியுரிமை, எத்தனையாவது ஆண்டு, எந்த நாட்டுப் பல்கலைக்கழகம் என்ற மூன்றைப் பார்த்துவிட்டு அப்புறம் மற்றதைப் பாருங்கள்.

கால்டெக்கின் சர்ஃபில் வேறொரு வழக்கம். அங்கே மாணவர் முதலில் ஒரு வழிகாட்டியைப் பிடித்து, அவரோடு சேர்ந்து ஆய்வு முன்மொழிவு ஒன்றை எழுத வேண்டும். அதாவது விண்ணப்பிப்பதே ஆராய்ச்சியின் முதல் படி. மேலே சொன்ன மாதிரி கடிதம் எழுதத் தெரிந்தவர்களுக்கு அது ஏற்ற இடம்.

ஐரோப்பாவில் செர்ன், ஜெனீவா அருகே இருக்கும் துகள் இயற்பியல் ஆய்வகம். 1962 முதல் கோடை மாணவர்களை எடுக்கிறார்கள். காலையில் விரிவுரை, மீதி நேரம் ஒரு குழுவோடு வேலை. உறுப்பு நாட்டு மாணவர்களுக்கு ஒரு பிரிவு, மற்ற நாட்டவர்களுக்கு இன்னொரு பிரிவு. கோடைக்குள் மூன்று ஆண்டுப் படிப்பை முடித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை, ஆகவே இரண்டாம் ஆண்டில் இருக்கும் உங்களுக்கு அடுத்த வருடம்தான். வழக்கமாக ஜனவரி கடைசியோடு விண்ணப்பம் மூடிவிடும். ஆஸ்திரியாவில் வியன்னா பயோசென்டரின் கோடைப் பள்ளி உயிரியல் பக்கம் போகிறவர்களுக்கு நல்ல இடம். அதே நாட்டின் அறிவியல் தொழில்நுட்பக் கழகமும் எந்த நாட்டவரையும் கோடைப் பயிற்சிக்கு எடுக்கிறது. ஜப்பானில் ஓகினாவா அறிவியல் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. அங்கே வேலை மொழி ஆங்கிலம், சில மாதங்கள் தங்கி ஒரு குழுவில் வேலை செய்யலாம்.

கனடாவின் மிட்டாக்ஸ் குளோபலிங்க் என்ற ஆராய்ச்சிப் பயிற்சித் திட்டம் 12 வாரம். இந்தியா, மெக்சிகோ, பிரேசில் உள்படக் குறிப்பிட்ட சில நாட்டு மாணவர்களுக்கானது. இதில் பலர் கோட்டைவிடுவது தேதியில்தான். அடுத்த கோடைக்குப் போக முந்தைய செப்டம்பரிலேயே விண்ணப்பம் முடிந்துவிடும். பூமத்திய ரேகைக்குத் தெற்கே கோடையே டிசம்பரில்தான் என்பதையும் மறந்துவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவின் அரசு ஆராய்ச்சி நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. அங்குள்ள மாணவர்களுக்கு நடத்தும் விடுமுறை ஆராய்ச்சி நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை.

இந்தியாவில் படிப்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது மூன்று அறிவியல் அகாதெமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆராய்ச்சி உதவித்தொகை. மாணவர்களுக்கு மட்டும் இல்லை, கல்லூரி ஆசிரியர்களுக்கும் உண்டு. உங்கள் கல்லூரியில் ஆராய்ச்சி இல்லை என்றால் உங்கள் ஆசிரியரிடமும் இதைச் சொல்லுங்கள். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் வருகை மாணவர் திட்டம், பெங்களூருவில் ஜவஹர்லால் நேரு மையத்தின் இரண்டு மாதத் திட்டம், வானியலுக்குப் புணேயில் அயூகா (IUCAA) மையத்தின் விடுமுறை மாணவர் திட்டம் ஆகியவை எல்லாம் நெடுங்காலமாக நடப்பவை. ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் 2004-இல் தொடங்கிய 'நியஸ்' (NIUS) என்ற இளநிலை மாணவர் திட்டம் கொஞ்சம் வித்தியாசமானது. ஒரே கோடையில் முடியாமல் முகாம்களாகப் பிரிந்து நீளும். சீக்கிரமே தொடங்க நினைக்கிற மாணவருக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வேன், ஏனென்றால் எட்டு வாரத்தில் பழுக்காத கேள்விகள் அங்கே பழுக்க நேரம் இருக்கிறது.

ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி. நடத்தும் 'ரைஸ்' திட்டத்தைத் தனியாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. அது அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து பல்கலைக்கழக மாணவர்களுக்கானது. உங்களில் பலருக்குப் பொருந்தாது. ஆனால் அதன் அமைப்பைக் கவனியுங்கள். வேலையை அறிவிக்கிறவர்களே முனைவர் பட்ட மாணவர்கள்தான். இன்ன வேலை, இவ்வளவு நாள், நான்தான் உன்னோடு இருப்பேன் என்று எழுதி வைக்கிறார்கள். மாணவர் அதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார். என் அனுபவத்தில் ஒரு கோடை நன்றாகப் போகுமா வீணாகுமா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் இந்த ஒரே விஷயம்தான்: தினமும் உங்கள் வேலையை யார் பார்ப்பார்கள்?

நிறுவனத்தின் பெயருக்கு மயங்கிப் போய், எட்டு வாரமும் ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்து விட்டு வந்த மாணவர்களை எனக்குத் தெரியும். பேராசிரியர் வெளிநாட்டுப் பயணத்தில், ஆய்வகத்தில் யாருக்கும் இவர் வந்தது தெரியாது, கருவியைத் தொட அனுமதி இல்லை. திரும்பி வரும்போது கையில் சான்றிதழ் இருந்தது, சொல்வதற்கு எதுவும் இல்லை. அதே வருடம், யாரும் கேள்விப்படாத ஒரு சிறிய துறையில், ஒரு முனைவர் பட்ட மாணவியின் பக்கத்து மேசையில் உட்கார்ந்து வேலை செய்த பையன் ஒரு முழு அளவீட்டைத் தானாகவே செய்யக் கற்றுக்கொண்டு வந்தான். ஆகவே இடம் கிடைத்ததும் தயங்காமல் கேளுங்கள்: "நான் தினமும் யாரோடு வேலை செய்வேன்? ஜூன், ஜூலையில் அவர் ஊரில் இருப்பாரா? அவரோடு ஒருமுறை பேசலாமா?" இந்தக் கேள்விக்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பரிந்துரைக் கடிதம் பற்றிக் கொஞ்சம். துறைத்தலைவரிடம் வாங்கினால் எடை அதிகம் என்று நினைத்து, உங்கள் முகம்கூடத் தெரியாத ஒருவரிடம் போய் நிற்காதீர்கள். "ஒழுக்கமான மாணவர், வருகை நன்று" என்ற இரண்டு வரியால் ஒரு பயனும் இல்லை. செய்முறை வகுப்பில் நீங்கள் ஒரு சோதனையை மூன்று முறை திரும்பச் செய்ததைப் பார்த்த ஆசிரியர் யாரோ, அவரிடம் கேளுங்கள். மூன்று வாரம் முன்னாலேயே கேளுங்கள். நீங்கள் என்ன செய்தீர்கள் என்று அவருக்கு நினைவூட்டி அரைப் பக்கம் எழுதிக் கொடுங்கள். அது அவருக்கு உதவி.

கணிதம் படிக்கிறவர்களுக்கு நிலைமை வேறு. இரண்டாம் ஆண்டு மாணவர் கையில் எடுக்கக்கூடிய திறந்த கேள்விகள் கணிதத்தில் குறைவு. டுலூத்தில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜோசஃப் காலியன் 1977-இல் தொடங்கிய கோடைத் திட்டம், சரியான கேள்வியைத் தேடிக் கொடுத்தால் இளநிலை மாணவரும் அச்சேறும் கட்டுரை எழுத முடியும் என்று காட்டியது. ஆனால் எல்லோருக்கும் அப்படி அமையாது. ஒரு நல்ல புத்தகத்தை வழிகாட்டியோடு உட்கார்ந்து, ஒவ்வொரு தேற்றத்தையும் கரும்பலகையில் நிறுவிக் காட்டி முடிப்பதே பெரும்பாலான கணித மாணவர்களுக்கு மிகச் சிறந்த கோடை. இந்தியாவில் 1993 முதல் நடக்கும் எம்.டி.டி.எஸ். (MTTS) என்ற கணிதப் பயிற்சி முகாம் அந்த வகை. அதை ஆராய்ச்சி இல்லை என்று ஒதுக்க வேண்டாம்.

பணம் கட்டச் சொல்கிறவர்களிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். விண்ணப்பக் கட்டணம் என்று சிறு தொகை வாங்குகிற நேர்மையான திட்டங்கள் இருக்கலாம். ஆனால் "இவ்வளவு கட்டினால் ஆராய்ச்சிப் பயிற்சி, சான்றிதழ், கட்டுரையில் பெயர் மூன்றும் நிச்சயம்" என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். எட்டு வாரத்தில் கட்டுரையை யாராலும் உறுதி சொல்ல முடியாது. சொல்கிறவர் விற்பது ஆராய்ச்சியை அல்ல.

எங்குமே இடம் கிடைக்கவில்லை என்றால்? அப்படியும் நடக்கும், பல நல்ல மாணவர்களுக்கு முதல் வருடம் நடந்திருக்கிறது. அந்தக் கோடையைத் திறந்த தரவோடு கழிக்கலாம். செர்ன் தன் மோதல் தரவுகளை 2014 முதல் பொதுவில் வைத்திருக்கிறது. விண்மீன்களின் இடத்தையும் தூரத்தையும் அளந்த கயா விண்கலத்தின் 2022 வெளியீட்டில் ஏறத்தாழ 180 கோடி விண்மீன்களின் அளவீடுகள் இருக்கின்றன. ஈர்ப்பலைகளைப் பதிவு செய்யும் லைகோ ஆய்வகத்தின் தரவும் இலவசம். பழைய கட்டுரை ஒன்றிலிருந்து ஒரே ஒரு படத்தை எடுத்து, அதே தரவிலிருந்து அதை நீங்களே மறுபடி வரைந்து பாருங்கள். ஒரு விண்மீன் கொத்தின் நிறம் ஒளிர்வு வரைபடத்தைக் கயா தரவிலிருந்து போடுவதற்கு இரண்டு வாரம் ஆகும். தரவை எங்கே வெட்டுவது, எந்த விண்மீன் அந்தக் கொத்தைச் சேர்ந்தது, எது சும்மா வழியில் நிற்பது என்று நீங்களே முடிவெடுக்க வேண்டியிருக்கும். அடுத்த வருடக் கடிதத்தில் அந்தப் படத்தை இணையுங்கள். அப்படி ஒரு படத்தோடு வந்த கடிதத்தை நான் ஒருமுறைகூடப் பதில் போடாமல் விட்டதில்லை.

பழைய தரவு என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கி 2001-இல் பதிவு செய்த தரவை, வருடங்கள் கழித்து, மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டேவிட் நர்கெவிக் என்ற இளநிலை மாணவர் பேராசிரியர் டங்கன் லோரிமருக்காக அலசிக்கொண்டிருந்தார். 5 மில்லிநொடிக்கும் குறைவான ஒரு வலுத்த துடிப்பு கண்ணில் பட்டது. 2007-இல் அது கட்டுரையாக வந்தது. இன்று வேக ரேடியோ வெடிப்புகள் (fast radio bursts) என்று நாம் அழைக்கும் முழுத் துறைக்கும் அதுதான் தொடக்கம். சில வருடங்கள் பலர் அதை நம்பவில்லை. 2013-இல் இன்னும் நான்கு கிடைத்த பிறகுதான் சந்தேகம் குறைந்தது.

சந்தேகப்பட்டதும் நியாயம்தான். அதே தொலைநோக்கியில் அதே போலத் தோன்றிய வேறு சில துடிப்புகள் எங்கிருந்து வந்தன என்று 2015-இல் கண்டுபிடித்தார்கள். வளாகத்தில் இருந்த மைக்ரோவேவ் அடுப்பு! அது ஓடிக்கொண்டிருக்கும்போதே யாராவது கதவைத் திறந்தால் ஒரு கணம் வெளியே கசிந்த அலை.

இதைச் சொல்லும்போது எங்கள் ஆய்வகத்துக்கு வந்த ஒரு மாணவி நினைவுக்கு வருகிறாள். லேசர் ஒளியை ஒரு படலத்தின் வழியாக அனுப்பி, வெளியே வரும் ஒளியின் அளவைப் பதிவு செய்வது அவள் வேலை. மூன்றாவது வாரம், அளவு தானாக ஏறி இறங்கத் தொடங்கியது. கிட்டத்தட்ட 20 நிமிடத்துக்கு ஒரு ஏற்றம், ஒரு இறக்கம். படலத்தில்தான் ஏதோ நடக்கிறது என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம், நான் உள்பட. அவள் லேப் நோட்டில் ஒரு பழக்கம் வைத்திருந்தாள். ஓரத்தில் நேரம் போட்டு, அந்த நேரத்தில் அறையில் என்ன நடந்தாலும் எழுதுவாள்: "11.40 கதவு திறந்தது. 11.52 ஏ.சி. ஓடத் தொடங்கியது. 12.13 மறுபடி ஏ.சி." ஒரு சாயங்காலம் அந்த ஓரக் குறிப்புகளை வரைபடத்தின் மேல் பென்சிலால் குறித்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். ஒவ்வொரு இறக்கமும் ஏ.சி. ஓடத் தொடங்கிய நேரத்தில் இருந்தது. குளிர்காற்று ஒரு கண்ணாடித் தாங்கியை மயிரிழை அளவுக்கு நகர்த்திக்கொண்டிருந்தது. அட்டைப்பெட்டியை வெட்டி மேலே மூடினோம், கோடு நேராகிவிட்டது. அவளுடைய எட்டு வாரத்தில் ஐந்து வாரம் இதிலேயே போயிற்று. அதற்கப்புறம் இரண்டு வருடம் அந்த மேசையில் எடுத்த அத்தனை அளவீடும் அந்த அட்டைப்பெட்டிக்குள்தான் நடந்தது.

ஆகவே உள்ளே போனதும் முதல் நாளிலிருந்து நோட்டில் எழுதுங்கள். தேதி, நேரம், என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது. தவறாக எழுதியதை ஒரு கோடு போட்டு அடியுங்கள், கிழிக்காதீர்கள். முதல் இரண்டு வாரம் ஒன்றும் புரியாது, குழுக் கூட்டத்தில் எல்லோரும் பேசுவது வேற்று மொழி மாதிரி இருக்கும். எல்லோருக்கும் அப்படித்தான் இருந்தது. புரியாத சொல்லைக் குறித்துவைத்து மதியம் பக்கத்து மேசையில் கேளுங்கள். அரை மணி நேரம் தானாக முட்டிப் பார்த்தும் முடியவில்லை என்றால் கேட்டுவிடுங்கள். மூன்று நாள் மௌனமாக உட்கார்ந்துவிட்டு நான்காம் நாள் சொல்கிறவர்களால்தான் வழிகாட்டிகளுக்குக் கஷ்டம். கருவி எதையாவது உடைத்தால் உடனே, அந்த நிமிடமே சொல்லுங்கள். எண் சரியாக வரவில்லை என்பதற்காக ஒரு புள்ளியைக்கூட மறைக்காதீர்கள்.

வேலை பிடிக்காமலும் போகலாம். ஆய்வகத்தில் நாள் முழுதும் நிற்பது உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று எட்டு வாரத்தில் தெரிந்துகொள்வது, ஐந்து வருட முனைவர் படிப்பின் நடுவில் தெரிந்துகொள்வதைவிட எவ்வளவோ மேல். சிலருக்கு எதிர்த்திசையிலும் நடக்கும். பின்னாளில் புகழ்பெற்ற புவிவேதியியலாளரான வாலஸ் புரோக்கர் 1952-இல் லாமாண்ட் புவியியல் ஆய்வகத்துக்குக் கோடை மாணவராகப் போனார். கடல் நீரோட்டத்தையும் காலநிலையையும் பற்றி நாம் இன்று அறிந்ததில் பெரும்பங்கு அவர் அங்கேயே இருந்து செய்த வேலை. 2019-இல் இறக்கும்வரை அந்த இடத்தை விட்டு அவர் போகவே இல்லை.

கடைசி வாரத்தைக் கடைசி நாள்வரை அளவீட்டிலேயே செலவழித்துவிடாதீர்கள். நான்கு நாளாவது ஒதுக்கி, உங்கள் கோப்புகளை ஒரே அடைவில் அடுக்குங்கள். எந்தக் கோப்பு எந்த நாளுடையது, எந்த நிரல் எந்தப் படத்தை வரைகிறது, எது முடியாமல் நிற்கிறது என்று ஒரு பக்கம் எளிய மொழியில் எழுதி அதிலேயே வையுங்கள். லேப் நோட்டு ஆய்வகத்துக்குச் சொந்தம், கேட்டுவிட்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். குழுவுக்கு முன்னால் பத்து நிமிடம் பேச வாய்ப்பு கேளுங்கள். செப்டம்பரில் யாராவது அந்த அடைவைத் திறந்து, உங்களுக்கு ஒரு கேள்விகூட அனுப்பாமல் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர முடிந்தால், அந்த வழிகாட்டி உங்களுக்கு எழுதித் தரும் கடிதம் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.